வாசகர் கேள்வி – பதில்: பூத்துக் குலுங்கும் கொடித்தோடை ஏன் காய்ப்பதில்லை?

இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை, பாஷன் புரூட் எனப்படும் கொடித்தோடையைப் பற்றியவை. கொழும்பில் மதிலோரம் ஒரு முழம் மண் கிடைத்தாலும் அதில் கொடித்தோடை ஊன்றிவிடும் வழக்கம் பரவியிருப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கி இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: வத்தளையில் இருக்கும் என் தங்கை வீட்டில் மஞ்சள் கொடித்தோடை சடைத்துக் காய்க்கிறது. அதிலிருந்து ஒரு தண்டை வெட்டிக் கொண்டுவந்து நட்டேன். கொடி மதிலை மூடிப் படர்ந்துவிட்டது, பூவுக்கும் குறைவில்லை. ஆனால் பூக்கள் எல்லாம் மறுநாளே வாடி உதிர்கின்றன. அருமையாக ஒரு காய் பிடித்தாலும் உள்ளே வெறும் கோதாகவே இருக்கிறது. யூரியா போட்டும் பயனில்லை. மலட்டுக் கொடி, வெட்டி எறியுங்கள் என்று அயலவர் சொல்கிறார்கள். என்ன செய்யலாம், ஐயா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வெட்டி எறிய வேண்டாம். உங்கள் கொடி மலடு அன்று; அதற்குத் துணைக்கொடி இல்லை என்பதே குறை.

மஞ்சள் கொடித்தோடை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இயல்புடையது. ஒரு பூ தன்னுடைய மகரந்தத்தை மட்டுமன்றி, அதே கொடியில் பூத்த வேறெந்தப் பூவின் மகரந்தத்தையும் ஏற்பதில்லை. விதையிலிருந்து தனியாக முளைத்த இன்னொரு கொடியின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் காய் பிடிக்கும். வெட்டுத்தண்டால் உண்டான கொடியோ தாய்க்கொடியின் மறுபிரதியே ஆகையால், உங்கள் தங்கையின் வளவில் நிற்பதும் உங்கள் மதிலில் படர்ந்திருப்பதும் உண்மையில் ஒரே செடிதான். அங்கே காய்க்கிறது என்றால், அவருடைய அயலில் யாரோ ஒருவர் வேறொரு கொடி வளர்க்கிறார் என்று கொள்ளலாம். உங்கள் ஒழுங்கையில் அப்படி ஒருவரும் இல்லை.

பூவைச் சற்றுக் கிட்ட நின்று பார்த்தால் இந்தச் சங்கதி இன்னும் தெளிவாகும். வெள்ளை இதழ்களின் மேல், அடியில் ஊதாவும் நுனியில் வெள்ளையுமாக நெளிந்த இழைகள் வட்டமாகப் பரந்திருக்கும். நடுவில் ஒரு தூண் எழுந்து, அதிலே 5 மகரந்தக்கூடுகள் முகங்கவிழ்ந்து தொங்கும். அவற்றுக்கும் மேலே, மகரந்தத்தை ஏற்கும் 3 குறிகள் விரிந்திருக்கும். பூ மலரும்போது இந்தக் குறிகள் மேல்நோக்கி நிமிர்ந்தே இருக்கும். அடுத்த ஒரு மணித்தியாலம் அளவில் மெல்ல மெல்ல வளைந்து மகரந்தக்கூடுகளின் மட்டத்துக்கு இறங்கும். அடியிலுள்ள தேனை உண்ணச் சுற்றி வரும் பூச்சியின் முதுகு மகரந்தக்கூட்டிலும் குறியிலும் உராயவேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. தேனீயின் முதுகு அந்த உயரத்துக்கு எட்டாது. அது மகரந்தத்தைக் கொள்ளையிட்டுச் செல்வதோடு சரி. வேலைக்கு உரியது, பழைய கைமரங்களிலும் காய்ந்த கிளைகளிலும் துளையிட்டு வாழும் பெரிய கருவண்டுதான். இக்கொடியின் தாயகமான தென் பிரேசில், பராகுவே, வட ஆர்ஜென்டினா ஆகிய நாடுகளின் காடுகளிலும் இந்த வகை வண்டுகளே இதைக் காய்க்க வைக்கின்றன. நம் நாட்டிலும் அவற்றின் உறவினங்கள் உண்டு. ஆனால் உளுத்த மரத்தையெல்லாம் அகற்றிக் கொங்கிறீட்டும் அலுமினியமும் வைத்துக் கட்டிய வீதிகளில் அவற்றுக்குக் குடியிருக்க இடமேது?

ஆகவே இரண்டு காரியங்கள் செய்யவேண்டும். முதலாவது, வெவ்வேறு இடங்களில் வாங்கிய இரண்டு மூன்று மஞ்சள் பழங்களின் விதைகளை எடுத்து, சதையைக் கழுவி நீக்கி, காயவிடாமல் உடனே நாற்றுமேடையில் இடுங்கள். புதிய விதை இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் முளைக்கும். பழைய விதை வெகுவாகத் தாமதிக்கும். ஒரே பழத்தின் விதைகள் உடன்பிறப்புகளாகையால் அவற்றுள் சில ஒன்றையொன்று ஏற்காமலும் போகலாம் என்பதாலேயே வெவ்வேறு பழங்கள் என்கிறோம். நல்ல நாற்றுகள் இரண்டை இப்போதுள்ள கொடிக்குப் பக்கத்தில் நட்டால், அவை ஏறக்குறைய ஓராண்டில் பூக்கத் தொடங்கும்.

இரண்டாவது, வண்டு வராவிட்டால் அதன் வேலையை நீங்கள் செய்யவேண்டும். மஞ்சள் கொடித்தோடை நண்பகலை ஒட்டி மலர்ந்து இரவில் மூடிக்கொள்ளும். ஒரு பூவுக்கு ஆயுள் அந்த ஒரு நாள்தான். ஆகவே காலையில் கொடிக்குக் கீழே நின்று பயனில்லை. பகல் ஒரு மணிக்குப் பின், குறிகள் வளைந்து இறங்கிவிட்டனவா என்று பார்த்து, ஒரு கொடியின் பூவிலிருந்து மெல்லிய தூரிகையாலோ விரல் நுனியாலோ மகரந்தத்தை எடுத்து, மற்றக் கொடியின் பூவிலுள்ள 3 குறிகளிலும் தாராளமாகத் தடவுங்கள். 3 குறிகளையும் தொடவேண்டும் என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. போய்ச் சேரும் மகரந்தமணிகளின் அளவுக்கேற்பவே விதைகள் உண்டாகின்றன. ஒவ்வொரு விதையையும் சுற்றித்தான் சாறு நிறைந்த சதை அமைகிறது. நீங்கள் குறிப்பிட்ட வெறுங்கோதுக் காய், போதிய மகரந்தம் கிடைக்காத காயேயன்றி நோய்ப்பட்ட காய் அன்று. பிரேசிலின் பெருந்தோட்டங்களிலேயே கூலியாட்களை வைத்து இவ்வாறு கையால் சேர்க்கிறார்கள் என்றால், மதிலோரத்துக் கொடிக்கு நாம் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மழையும் ஒரு தடை. இதன் மகரந்தமணி நீர் பட்டதும் வெடித்துவிடும். தென்மேல் பருவமழை பிடிக்கும் நாட்களிலும், ஐப்பசியில் பிற்பகல் இடியோடு மழை கொட்டும் நாட்களிலும் பூத்தவை பெரும்பாலும் வீண்தான். மழை பெய்யாத பிற்பகலாகப் பார்த்துக் கைவேலையைச் செய்யுங்கள்.

யூரியாவை நிறுத்திவிடுங்கள். அளவுக்கு மிஞ்சிய நைதரசன் இலையைத்தான் பெருக்கும். பூ இக்கொடியில் புதிதாக ஓடும் தண்டுகளிலேயே வருமாதலால், ஒரு போகம் காய்த்து ஓய்ந்தபின் பக்கக் கிளைகளைக் கழித்துவிடுவது யூரியாவைவிட நல்லது.

கேள்வி: எங்கள் அயல்வீட்டுச் சிங்கள அக்கா கொடித்தோடை இலையில் மல்லுங் செய்து தந்தார். ருசியாக இருந்தது. ஆனால் என் மாமியார், அது நஞ்சு இலை, சமைக்கவே கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, கிருலப்பனை

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. உங்கள் மாமியார் வெறும் பயத்தால் சொல்லவில்லை. கொடித்தோடையின் இலையிலும் முற்றாத காயிலும் சயனைட்டை வெளிவிடக்கூடிய சேர்வைகள் உள்ளன. இலை முழுதாக இருக்கும் வரை அவை அடங்கியிருக்கும். நறுக்கினாலோ மென்றாலோ இலையிலுள்ள நொதியம் அவற்றோடு கலந்து ஐதரசன் சயனைட்டு உண்டாகும். மரவள்ளிக் கிழங்கிலும் இதே கதைதான். அதை மூடாத பானையில் அவிக்கவேண்டும் என்று நம் வீடுகளில் சொல்லிவந்ததற்கு நல்ல காரணம் உண்டு: ஐதரசன் சயனைட்டு ஏறக்குறைய 26 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும் பொருளாகையால், திறந்த பானையிலிருந்து ஆவியாகப் போய்விடுகிறது.

அந்த அக்காவின் மல்லுங்கும் அதே முறையில் அமைந்ததே. கொடியின் நுனியிலுள்ள, இன்னும் பளபளப்பு மாறாத இளம் இலைகளை மட்டும் எடுத்து, காம்பை நீக்கி, வல்லாரைக்கு அரிவதுபோல் மிக நுண்ணியதாக அரிந்து, சற்று நேரம் தட்டில் பரப்பி வைக்கவேண்டும். பின்னர் வாயகன்ற சட்டியில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், உப்பு ஆகியவற்றோடு இலையை இட்டு, மூடாமல் கிளறி, நீர் வற்றி இலை நன்றாகச் சுருண்டபின் தேங்காய்ப்பூவைத் தூவி இறக்கலாம். மாசி சேர்ப்பவர்கள் தேங்காய்ப்பூவோடு சேர்ப்பார்கள். தேசிக்காய்ப் புளி அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே. இதை நாம் வறை என்போம். பெயர் எதுவாயினும் பக்குவம் ஒன்றுதான். இலையில் மெல்லிய கசப்பு இருக்கும். அது பிடித்தவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

பச்சையாக அரிந்து சம்பல் போடுவதை மட்டும் நாங்கள் ஆதரிக்கவில்லை. வல்லாரையையும் பொன்னாங்காணியையும்போல் நாள்தோறும் உண்ணும் கீரையாகவும் இதைக் கொள்ளவேண்டாம். எப்போதாவது, சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி வறை என்ற அளவு போதும். சிறுபிள்ளைகளுக்கும் கருவுற்றிருப்பவர்களுக்கும் தவிர்த்துவிடுங்கள். கீரைக்கு நம் சந்தைகளில் பஞ்சமில்லையே. வழியில் காணும் கொடியின் இலையைப் பறிப்பதும் கூடாது. பூச்சிமருந்து அடித்திருக்கக்கூடும் என்பதோடு, அடுத்த பதிலில் வரும் ஆபத்தும் இருக்கிறது.

கேள்வி: அவிசாவளைப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனபோது, காட்டோரத்தில் கொடித்தோடை போன்ற ஒரு கொடியில் சிவந்த பழங்கள் தொங்கின. பிள்ளைகள் பறிக்கப் போனார்கள், தடுத்துவிட்டேன். அது என்ன பழம்?
– வாசகர், மட்டக்குளி

பதில்: தடுத்தது மிக நல்லது. படமில்லாமல் உறுதியாகச் சொல்ல இயலாவிட்டாலும், நீங்கள் எழுதிய அடையாளங்கள் சிங்களத்தில் ஹொந்தல எனப்படும் கொடிக்குப் பொருந்துகின்றன. அது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உள்ள காடுகளில் வளர்வது. கொடித்தோடையின் குடும்பத்தைச் சேர்ந்தது. கைவிரல்போல் பிரிந்த இலையும் பற்றிப் படரும் தந்துகளும் உடையது. காய் உருண்டையாக இருந்து சிவந்து பழுக்கும். பார்வைக்கு அழகான அந்தப் பழத்தில் சயனைட்டுச் சேர்வைகள் மிகுதி. அதை உண்டு நஞ்சேறி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் இந்நாட்டில் உண்டு. யாராவது தவறி உண்டால், வாந்தி வரும்வரை காத்திராமல், பழத்தின் மிச்சத்தையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

வீதியோரப் பற்றைகளில் இன்னொரு சிறு உறவினமும் படர்ந்திருக்கும். அதன் பூவையும் காயையும் பச்சைப் பஞ்சு போன்ற வலையொன்று மூடியிருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும், கசக்கினால் நாறும். இதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவியதே. நன்றாகப் பழுத்து மஞ்சளான பழத்தைக் கிராமத்துப் பிள்ளைகள் உண்பார்கள். பச்சைக் காய் நஞ்சு. ஐயம் இருக்குமிடத்தில் இரண்டையும் விட்டுவிடுவதே உத்தமம்.

கேள்வி: அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில் வசிக்கிறோம். பல்கனியில் சாடியில் கொடித்தோடை வளர்க்க முடியுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முடியும், ஆனால் பல்கனி எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. இது காட்டுக்கொடியாயினும் நிழற்செடி அன்று. காட்டில் வேரை மரநிழலில் வைத்துக்கொண்டு தலையை மரத்தின் உச்சி வெயிலுக்குக் கொண்டுபோகும் செடி இது. நாளில் பாதியாவது நேர்வெயில் விழாத பல்கனியில் இலைதான் மிஞ்சும். கடலைப் பார்த்த பல்கனியானால் வெயிலுக்குக் குறைவிராது. உப்புக்காற்றுத்தான் இளந்தளிரைக் கருக்கும். அதற்கு ஒரு மறைப்பு வேண்டும்.

சாடி பெரிதாக இருக்கட்டும். பழைய நீர்வாளி அளவாவது வேண்டும், அடியில் துளைகளும் வேண்டும். விதை நாற்றுகள் இரண்டை இரு சாடிகளில் வையுங்கள். ஏன் இரண்டு என்பது முதற்பதிலில் இருக்கிறது. ஐந்தாம் மாடிக்குக் கருவண்டு வரும் என்று எதிர்பாராமல் தூரிகையை ஆயத்தமாக வைத்திருங்கள். சாடிக்குக் கீழே தட்டு வைப்பதானால் அதில் நீர் தேங்கவிடாதீர்கள். நுளம்புக் குடம்பி இருந்தால், கொடித்தோடை காய்த்ததா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்கமாட்டார்.

கேள்வி: நுவரெலியாவிலிருந்து வாங்கி வந்த ஊதா நிறப் பழம் மஞ்சளைவிட இனிப்பாக இருந்தது. அதன் விதையைக் கொழும்பில் போட்டால் காய்க்குமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: முளைக்கும், படரும், காய்ப்பதுதான் ஐயம். ஊதா வகை மலைநாட்டுக் குளிருக்கு உரியது. மஞ்சள் வகையே தாழ்நிலத்துச் சூட்டைத் தாங்கும். ஊதாவுக்கு ஒரு நற்குணம் உண்டு: அது தன் மகரந்தத்தை ஏற்கும், தனிக்கொடியாக நின்றாலும் காய்க்கும். ஆனால் வேரைத் தாக்கி வாடவைக்கும் பியூசேரியம் என்ற பங்கசுக்கு அது எளிதில் இரையாகிவிடும், மஞ்சள் தாக்குப்பிடிக்கும். அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா போன்ற நாடுகளில் மஞ்சளை வேர்க்கட்டையாக வைத்து அதன்மேல் ஊதாவை ஒட்டுவது இதனால்தான். கொழும்பில் உங்களுக்கு வேண்டியது மஞ்சள் வகைதான். ஹொறணையிலுள்ள பழ ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக வந்த ஹொறண கோல்ட் என்ற இனத்தை விவசாயத் திணைக்களம் பரிந்துரைக்கிறது, அதைத் தேடிப்பாருங்கள்.

கேள்வி: கொடி முழுவதும் முள்ளுள்ள செம்பழுப்புப் புழுக்கள். ஒரே கிழமையில் இலைகளைத் தின்று நரம்பை மட்டும் விட்டுவிட்டன. இலைக்காம்பில் எறும்பும் மொய்க்கிறது. எதை அடிக்கலாம்?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: எறும்பை அடிக்காதீர்கள். இலைக்காம்பு இலையைத் தொடும் இடத்தில் கடுகளவான இரண்டு சுரப்பிகள் இருப்பதைப் பார்க்கலாம்; கொடி அவற்றில் இனிப்பு நீரைச் சுரந்து எறும்புகளை அழைப்பதே, முட்டைகளையும் சிறு புழுக்களையும் அவை அப்புறப்படுத்தும் என்பதற்காகத்தான்.

புழுக்கள், கரும்புள்ளியிட்ட செம்மஞ்சள் சிறகோடு தாழ்வாகவும் ஆறுதலாகவும் பறக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சியினுடையவை. கொடித்தோடைக் குடும்பத்து இலைகளே அதன் விருப்பமான உணவு. கூட்டமாகத் தின்னும் புழுவாகையால், ஆரம்பத்திலேயே இலையோடு கிள்ளி எடுத்துவிட்டால் மருந்தே வேண்டாம். இலையைச் சமையலுக்கும் எடுக்கும் வீடென்றால் மருந்தை நினைத்தும் பார்க்கக்கூடாது. மருந்து கருவண்டையும் கொல்லும். அழிந்ததுபோலத் தோன்றும் கொடி பெரும்பாலும் மீண்டும் துளிர்க்கும். இக்குடும்பத்தின் தாயகக் காடுகளில் இந்தப் போராட்டம் வெகுதூரம் போயிருக்கிறது: அங்குள்ள சில உறவினக் கொடிகள், ஏற்கெனவே யாரோ முட்டையிட்டுவிட்டார்கள் என்று வண்ணத்துப்பூச்சி நினைத்து விலகிப்போவதற்காக, தம் இலையிலேயே மஞ்சள் முட்டை போன்ற பொட்டுகளை உண்டாக்கிக்கொள்கின்றன.

கேள்வி: கொடித்தோடைப் பழம் தூக்கத்தைத் தரும் என்றும் நீரிழிவுக்கு நல்லது என்றும் சொல்கிறார்களே?
– வாசகர், மோதரை

பதில்: தூக்கத்துக்கென்று மேல்நாட்டு மருந்துக்கடைகளில் விற்கப்படுவது வட அமெரிக்காவைச் சேர்ந்த வேறோர் உறவினக் கொடியின் இலையும் தண்டும், நம் பழமன்று. நீரிழிவைப் பொறுத்தவரை, 100 கிராம் சதையில் விதையோடு சேர்த்து ஏறக்குறைய 10 கிராம் நார்ப்பொருளும், 30 மில்லிகிராம் விற்றமின் சீயும் உண்டு. ஆகவே பழமாக அளவோடு உண்பதில் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. விதையைத் துப்பிவிட்டால் நார்ப்பொருளின் பெரும்பகுதி போய்விடும். சீனிப்பாகில் கரைத்த கோடியலைக் குடித்துவிட்டுப் பழம் நல்லது என்று சொல்லக்கூடாது. மருந்து எடுப்பவர்கள் தம் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: பழத்தை எப்போது பறிப்பது? கொடியிலிருந்து மஞ்சளாகப் பறித்தவை புளித்துக் கிடக்கின்றன. மிக்ஸியில் அடித்தால் சாறும் கசக்கிறது.
– வாசகி, கொலன்னாவை

பதில்: பறிக்கவே வேண்டாம். பூத்து ஏறக்குறைய 60 முதல் 80 நாட்களில் பழம் முற்றித் தானாகவே கீழே விழும். அதுவே உரிய பருவம். கொடிக்குக் கீழே பழைய வலையொன்றைத் தொட்டில்போல் கட்டிவிட்டால் அடிபடாமல் சேர்க்கலாம். விழுந்ததை உடனே வெட்டாமல், தோல் சற்றுச் சுருங்கும்வரை இரண்டு மூன்று நாள் வெளியில் வைத்தால் புளிப்புத் தணியும். பச்சையாகப் பறித்தது பழுத்த நிறம் காட்டினாலும் மணம் ஏறாது.

கசப்பு, உடைந்த விதையிலிருந்து வருவது. மிக்ஸியை ஓடவிடாமல் ஒரு முறை மட்டும் தட்டி நிறுத்துங்கள். அல்லது சதையைக் கரண்டியால் வழித்துச் சிறிது நீர் விட்டுக் கையால் பிசைந்து, கம்பி வடியில் வடியுங்கள். சீனிப்பாகு சேர்ப்பதானால் பாகு ஆறியபின் சாற்றைக் கலக்கவேண்டும், சாற்றோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் மணம் போய்விடும். உங்கள் பகுதியில் வெள்ளம் ஏறும் என்றும் எழுதியிருந்தீர்கள். இதன் வேர் மேலாகவே ஓடுவது. இரண்டு நாள் நீர் நின்றாலே அழுகத் தொடங்கும். அடுத்த கொடியை நிலத்தில் குழி தோண்டி நடாமல், மண்ணையும் கூட்டெருவையும் முழங்கால் உயரத்துக்கு மேடாக்கி அதன்மேல் நடுங்கள்.